எட்டு நாள் சொந்தக்காரி

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே ஐயம் உண்டு. பேரின்பநாயகம் சொன்னதும் அவர் மனைவி சீதேவி சொன்னதும் சில இடங்களில் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. பொருந்தாத இடங்களை நானே என்னையறியாமல் நிரவியிருக்கலாம். போத்தல் பச்சையா மண்ணிறமா, அன்றைக்கு மழையா பனியா என்று கேட்டால் சத்தியம் பண்ண மாட்டேன். ஆண்டு மட்டும் தவறாது. தொண்ணூற்றைந்து. அந்த ஆண்டு ஏப்ரல் பதினாலாம் திகதி எங்கள் வருடப்பிறப்பும் வேதக்காரரின் பெரிய வெள்ளியும் யூதரின் பஸ்காவுக்கு முந்திய நாளும் ஒரே வெள்ளிக்கிழமையில் வந்து விழுந்தன.

ஜெபாலயம் மொன்றியலின் கார்ட்டியர்வில்லில், ஆற்றுக்குப் போகும் தெருவொன்றில் இருந்தது. மொரோக்கோவிலிருந்து வந்த யூதர்கள் கட்டியது. மஞ்சள் செங்கல், தட்டைக் கூரை. தெருவால் போகிறவர்கள் பள்ளிக்கூடம் என்று நினைப்பார்கள். மேலே தொழுகை மண்டபம். கீழே பேஸ்மென்டில் கொதிகலன் அறை, சமையலறை, களஞ்சிய அறை, அதற்கும் அப்பால் காவலாளிக்கென்று இரண்டறை வீடு. அந்த வீட்டில்தான் பேரின்பநாயகம் எண்பத்தாறாம் ஆண்டிலிருந்து இருந்தார். சீதேவியும் மகள் தனுஷிகாவும் எண்பத்தொன்பதில் வந்து சேர்ந்தார்கள்.

அவர் மட்டக்களப்புக்காரர். அந்தப் பக்கத்து வழக்கில் வீடு பெண்ணுக்கு. தாலி கட்டிய ஆண் தன் சாரத்தையும் சட்டையையும் எடுத்துக்கொண்டு பெண்ணின் வீட்டுக்குப் போய்ச் சேருவான். பேரின்பநாயகமும் அப்படித்தான் ஆரையம்பதியில் சீதேவியின் கல்வீட்டில் எட்டு வருடம் இருந்தார். யாரும் அவரை ஒரு குறை சொன்னதில்லை. ஆனால் வேலியடைக்க ஆள் பிடிப்பதென்றாலும் சீதேவியின் தாயிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுத்தான் பிடிக்கவேண்டும். மொன்றியலில் ஜெபாலயத்தார் இடுப்பில் கொழுவும் சாவிக்கொத்தை அவர் கையில் கொடுத்தபோது அவருக்கு முப்பத்தெட்டு வயது. இருபத்திரண்டு சாவிகள். நடக்கும்போது சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை அவர் விரும்பினார்.

அவர் வேலை என்னவென்றால், விடிய ஐந்து மணிக்குப் படிக்கட்டில் பனி தள்ளி உப்புப் போடுவது. கொதிகலனைப் பார்ப்பது. கதிரை அடுக்குவது. ஓய்வுநாளான சனிக்கிழமைகளில் அவர்கள் விளக்குப் போடக் கூடாது, ஒருவரைப் போடச் சொல்லவும் கூடாது. தொழுகைப் பாட்டு நடத்தும் முதியவர் வந்து, "இங்கே இருட்டாக இருக்கிறது, மிஸ்யே பேரின்பம்" என்று காற்றுக்குச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு நிற்பார். பேரின்பநாயகம் தனக்கே வெளிச்சம் தேவைப்பட்டதுபோலப் போய்ப் போடுவார். இந்த நாசூக்கு அவருக்கு நன்றாகப் பிடிபட்டிருந்தது.

சீதேவிக்குச் சமையலறை. அங்கே அதிகாரம் மதாம் சிமியுடையது. ஐம்பது வயது, மொரோக்கோவின் மெக்னெஸ் நகரத்துக்காரி, பெருத்த உடம்பு, அதைவிடப் பெருத்த குரல். உணவு அவர்கள் சட்டப்படி சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. வெங்காயம் உரிப்பது, மீன் வெட்டுவது, கொண்டைக்கடலை ஊறப்போடுவது எல்லாம் சீதேவி. ஆனால் அடுப்பை மூட்டுவதும் பானையை அதன்மேல் வைப்பதும் யூதர் கையால் நடக்கவேண்டும். மதாம் சிமி எங்கிருந்தாலும் ஓடிவந்து நெருப்பை மூட்டிப் பானையைத் தூக்கி வைத்துவிட்டுப் போவாள்.

"பத்து வயசில இருந்து அடுப்பு மூட்டினவள் நான்" என்று சீதேவி வந்த புதிதில் சொன்னாள். "இவ வந்து தொட்டாத்தான் சோறு வேகுமாம்."

பிறகு அது பழகிவிட்டது. இரண்டு பெண்களும் நாள் முழுக்கக் கதைத்தார்கள். மதாம் சிமி பேசும் பிரெஞ்சு சீதேவியின் வாயில் மட்டக்களப்பு இழுவையோடு வளர்ந்தது. பேரின்பநாயகத்துக்கு ஆங்கிலம் பரவாயில்லை, பிரெஞ்சு தட்டுத் தடுமாறும். கொதிகலன் அறையில் இருக்கும்போது சுவருக்கு அப்பால் இரண்டு பெண்களும் சிரிப்பது கேட்கும். என்னத்துக்குச் சிரிக்கிறார்கள் என்று அவருக்கு விளங்காது. ஒருமுறை கேட்டார்.

"ஒண்டுமில்ல. அவவிட புருசன்ட குறட்டையைப் பத்தி" என்றாள் சீதேவி.

"நீ என்ன சொன்ன?"

"நானும் சொன்னன்."

அவர் அதன்பிறகு கேட்கவில்லை.

ஜெபாலயத்தின் குருவான பழைய ரப்பி பேரின்பநாயகத்திடம் ஆங்கிலத்தில்தான் கதைப்பார். சீதேவி அவரைப் பெரியையா என்பாள். தொண்ணூற்று நாலு இலையுதிர் காலத்தில் அவர் ஓய்வுபெற்று மகளோடு ரொறன்ரோவுக்குப் போனார். அவர் இடத்துக்கு பிரான்சிலிருந்து ரப்பி அபித்போல் வந்தார். முப்பத்துமூன்று வயது, செம்மண் நிறத் தாடி, எதையும் இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்தும் ஆள். சீதேவி அவருக்குச் சின்னையா என்று பெயர் வைத்தாள். சின்னையாவுக்கு ஆங்கிலம் வராது.

பஸ்காவின் எட்டு நாளும் யூதர் கையில் புளித்த மாப்பொருள் எதுவும் இருக்கக் கூடாது. பாண், பிஸ்கட், கோதுமை மா, ரவை, பியர், விஸ்கி எல்லாம் அதில் அடக்கம். எறிய மனமில்லாததை ஒரு அறையில் பூட்டி, யூதரல்லாத ஒருவருக்கு விற்றுவிடுவார்கள். எட்டு நாள் கழிந்ததும் ரப்பி அதைத் திரும்ப வாங்குவார். சபையைச் சேர்ந்த முன்னூறு குடும்பத்தின் புளிப்பையும் ரப்பிதான் எல்லாருக்காகவும் விற்பார். எட்டு வருடமாக வாங்குபவர் பேரின்பநாயகம். பழைய ரப்பி ஒரு தாளை நீட்டுவார், இவர் ஒப்பம் வைப்பார், இருவரும் கைகுலுக்குவார்கள். அவ்வளவுதான். அந்த எட்டு நாளும் அவர் நெஞ்சு ஒரு விரற்கடை நிமிர்ந்திருக்கும்.

"கார்ட்டியர்வில்லில கிடக்கிற விஸ்கி முழுக்க என்ட" என்று தமிழ்க் கடையில் நின்று சொல்லுவார். "நான் விடமாட்டன் எண்டு சொன்னா இவங்கட கதி?"

ஆனால் எட்டு வருடமும் ஒரு பிஸ்கட்டைக்கூட அவர் தொட்டதில்லை.

பங்குனி கடைசியில் துப்புரவு தொடங்கியது. பனி உருகிக் கறுத்த குவியல்களாகத் தெருவோரம் கிடந்தது. காற்றில் ஈரம். பேரின்பநாயகம் மேல்மாடத்திலிருந்து பஸ்காவுக்கென்றே ஒதுக்கிய பாத்திரப் பெட்டிகளை நாற்பத்தொரு படி இறக்கினார். தொழுகைப் புத்தகங்களை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுபோய் விரித்து உதறினார். ஏதோ ஒரு பிள்ளை ஏதோ ஒரு சனிக்கிழமை தின்ற பிஸ்கட் துகள் அதற்குள் இருக்கக் கூடும். சீதேவி அடுப்புகளைப் பிரித்துக் கழுவினாள், மதாம் சிமி ஊதுவிளக்கால் அவற்றின் உட்புறத்தைச் சிவக்கச் சுட்டாள். பெரிய கிடாரத்தில் தண்ணீர் கொதித்துத் தளும்ப, கரண்டிகளை வலைப்பையில் கட்டி அதற்குள் அமிழ்த்தி எடுத்தார்கள்.

அப்படியொரு செவ்வாய்க்கிழமை ரப்பி அவரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். தாள் மேசைமேல் இருந்தது. பேரின்பநாயகம் ஒப்பம் வைக்கத் தன் பேனையை எடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்கள்" என்றார் ரப்பி, மெதுவான பிரெஞ்சில். "ஒன்று கேட்கவேண்டும். அந்த எட்டு நாளில் உங்களுக்கு விஸ்கி குடிக்க ஆசை வந்தால் என்ன செய்வீர்கள்?"

பேரின்பநாயகம் இதை நாணயத்தைச் சோதிக்கும் கேள்வி என்று எடுத்துக்கொண்டார். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்திருப்பார்கள். அவர் கையை நெஞ்சில் வைத்தார்.

"தொடவே மாட்டேன், ரப்பி. எட்டு வருடம், ஒரு பிஸ்கட் தொட்டதில்லை. இது பெயருக்குத்தானே. எனக்குத் தெரியும். எல்லாம் உங்களுடையது. நான் காவல்காரன்."

ரப்பியின் முகத்தில் இருந்த புன்னகை அப்படியே நின்றது. அவர் தாடியைத் தடவினார்.

"எனக்குக் காவல்காரன் வேண்டாம், மிஸ்யே பேரின்பம்" என்றார். "சொந்தக்காரன் வேண்டும். பெயருக்கு விற்றால் விற்றதாகாது. முன்னூறு குடும்பமும் எட்டு நாளும் புளிப்பை வைத்திருந்ததாகிவிடும்."

அந்த நேரம் பார்த்து சீதேவி புதினாத் தேநீரோடு வந்தாள். ரப்பி இருக்கும் அறையில் பெண் ஒருத்தி நுழைந்தால் கதவு திறந்தே இருக்கவேண்டும் என்பது அவர்கள் விதி, அதனால் அவள் கதவை முதுகால் தள்ளிக்கொண்டு நின்றாள்.

ரப்பி அவளைப் பார்த்தார். "மதாம், களஞ்சியத்தில் இருப்பதெல்லாம் எட்டு நாளைக்கு உங்களுக்கு விற்றேன் என்று வையுங்கள். ரவை மூட்டை, மா, விஸ்கி. என்ன செய்வீர்கள்?"

சீதேவி யோசிக்கவே இல்லை. "ரவையில் பிட்டு அவிப்பேன்" என்றாள். "நல்ல ரவை அது. விஸ்கி எனக்கு வேண்டாம். வேறு யாரும் கேட்டால் கொடுப்பேன்."

"எங்களிடம் கேட்காமலா?"

"என்னுடையது என்றால் உங்களிடம் ஏன் கேட்கவேண்டும்?"

ரப்பி மேசையில் அடித்துச் சிரித்தார். பேரின்பநாயகம் பேனையை மூடிச் சட்டைப்பையில் கொழுவிக்கொண்டார்.

அன்று மாலை வீட்டில் அவர் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். சீதேவி சூரைமீன் குழம்பை ஊற்றிவிட்டு எதிரே அமர்ந்தாள்.

"என்னத்துக்கு வாயைத் திறந்த நீ?"

"கேட்டார், சொன்னன்."

"கேட்டது என்னட்ட."

"மறுகா என்னட்டயும் கேட்டவர்தானே. நீங்களும் நிண்டீங்கதானே."

"நான் நேர்மையாச் சொன்னன். நீ களவெடுப்பன் எண்டு சொன்ன. களவெடுக்கிறவளுக்குத்தான் இந்தக் கோயிலில மரியாத போல."

"என்ட சாமானை நான் எடுத்தா என்னெண்டுங்க களவாகும்?" அவள் சிரித்துவிட்டாள். "நீங்க கொஞ்சம் கூடுதலா நல்லவராப் போயிட்டீங்க. அதான் பிழை."

"நக்கலா?"

"இல்லயே."

"சின்னையா சிரிச்ச சிரிப்பும் நீ சிரிச்ச சிரிப்பும். பாத்துக்கொண்டுதான் நிண்டன்."

அவள் முகம் மாறியது. "சும்மா கண்டதையும் கதையாதீங்க. பிள்ள உள்ளுக்குப் படிக்கிறாள்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "அங்கயும் உன்ட வீடு. இஞ்சயும் உன்ட சாமானா? எனக்கெண்டு ஒண்டு இருக்கக் கூடாதா புள்ள?"

சீதேவி குழம்புச் சட்டியை மூடினாள். குழாயில் தண்ணீர் சொட்டியது.

"அந்த வீட்டில இப்ப ஆமிக்காரன் குந்தியிருக்கான்" என்றாள். "அதை இதுக்குள்ள இழுக்காதீங்க."

அதன்பின் வெள்ளிக்கிழமை வரைக்கும் அவர்கள் உப்புத் தா, கதவைப் பூட்டு என்பதற்கு மேல் கதைத்துக்கொள்ளவில்லை.

வருடப்பிறப்பன்று காலை சீதேவி சக்கரைப் பொங்கல் வைத்துத் தங்கள் வீட்டுக்குள்ளேயே படைத்தாள். வருடப்பிறப்புக் கைக்காசான கைவிசேடத்தை அவளுக்குக் கொடுக்க அவருக்குத் தோன்றவில்லை. அவர் வாகனத் தரிப்பிடத்தில் தகரப் பீப்பாய்க்குள் நெருப்பு வளர்க்கப் போய்விட்டார். கடைசிப் பாண் துண்டுகளை எரிக்கச் சபையார் வந்துகொண்டிருந்தார்கள். கோட்டுக்குமேல் கோட்டுப் போட்ட கிழவர்கள், பிள்ளைகளைத் தோளில் வைத்த தகப்பன்மார். காகிதப் பையைப் பீப்பாய்க்குள் போட்டு ஏதோ முணுமுணுப்பார்கள். பாண் எரியும் மணம் நல்ல மணமாகத்தான் இருந்தது. அவர் நீளக் கம்பியால் கிளறிக்கொண்டு நின்றார். புகை கண்ணில் அடித்தது.

"இந்த முறையும் நீங்கள்தானே எங்கள் விஸ்கி முதலாளி?" என்று கேட்டார் சபைத் தலைவர் மிஸ்யே வக்னின்.

"இல்லை. என் மனைவி."

"ஓ லா லா!" வக்னின் அவர் தோளில் தட்டினார். "அப்படியென்றால் இனி உங்கள் வீட்டில் யார் ஆண்பிள்ளை என்று தெரிந்துவிட்டது."

அது பகிடி. பேரின்பநாயகமும் சிரித்தார்.

பதினொரு மணிக்கு மதாம் சிமி யன்னலால் கத்தினாள். "மிஸ்யே பேரின்பம்! சாவி!"

அவர் புகை மணத்தோடு அலுவலகத்துக்குப் போனார். கொத்திலிருந்து களஞ்சியச் சாவியைக் கழற்ற நகம் நொந்தது. வளையம் இறுகிப்போயிருந்தது. ரப்பி, பாட்டு நடத்தும் முதியவர், மதாம் சிமி எல்லாரும் அவர் கழற்றி முடியும் வரை பார்த்துக்கொண்டு நின்றார்கள். ரப்பி சாவியை வாங்கி மேசைமேல் வைத்தார். சீதேவி எடுத்தாள். அந்நியப் பெண்ணின் கையை ரப்பி தொடக் கூடாது.

தாளில் அவள் தமிழில் ஒப்பம் வைத்தாள். ஒரு டொலர் முன்பணம். பிறகு ரப்பி கேட்டார், "உங்களிடம் துணி ஏதும் இருக்கிறதா? வாங்குபவரின் துணியாக இருக்கவேண்டும். அதை நான் பிடித்து இழுத்தால் விற்பனை உறுதி. கைகுலுக்குவதற்குப் பதில்."

சீதேவி இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையை, லேஞ்சியை, எடுத்தாள். ஓரத்தில் நீலப்பூ. பேரின்பநாயகம்தான் சென்லோரன்ட் தெருக் கடையில் அரை டசின் வாங்கிக் கொடுத்தது. ஒரு முனையை அவள் பிடித்தாள், மறுமுனையை ரப்பி பிடித்தார். லேஞ்சி நடுவில் இழுபட்டு நின்றது. மதாம் சிமி கைதட்டினாள்.

பேரின்பநாயகம் நிலத்தைப் பார்த்தார். அவர் கலியாணத்தில் சால்வை நுனியையும் கூறை நுனியையும் முடிந்து அக்கினியைச் சுற்றிவந்தது அவருக்கு அப்போது ஞாபகம் வந்திருக்கவேண்டிய அவசியமில்லை. வந்தது.

பண்டிகை நாட்களில் மேலே பாட்டும் சனமும். கீழே சீதேவி உருளைக்கிழங்கு அவித்து அவித்து ஓய்ந்தாள். ஆனால் ஒவ்வொரு நாளும் பிற்பகல் இரண்டு மணிக்கு அவள் ஏப்ரனைக் கழற்றிவிட்டுக் களஞ்சிய அறையைத் திறந்து உள்ளே போவாள். கதவைச் சாத்துவாள். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். பிறகு பூட்டிக்கொண்டு வருவாள்.

முதல் நாள் அவர் கண்டும் காணாததுபோல் இருந்தார். மூன்றாம் நாள் திங்கட்கிழமை, சாவித் துவாரத்தால் பார்த்தார். ஐம்பது வயதை எட்டப்போகும் மனிதர், கையில் துடைப்பத்தோடு, பேஸ்மென்ட் நடையில் குனிந்து நின்று சொந்த மனைவியை ஒளித்துப் பார்த்தார். அவள் ரவை மூட்டைமேல் காலை நீட்டிக்கொண்டு சும்மா இருந்தாள். அழவில்லை, படிக்கவில்லை, தின்னவில்லை. போத்தல்கள் அடுக்கிய தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். ஒருமுறை எழும்பி ஒரு பிஸ்கட் தகரத்தை இரண்டு அங்குலம் தள்ளி வைத்தாள். மறுபடி போய் இருந்தாள்.

அவள் அதற்குள் யாரோடாவது கதைத்துக்கொண்டிருந்தால்கூட அவருக்கு இவ்வளவு எரிந்திராது. அந்த முகத்தில் இருந்த ஆறுதல் அவர் தந்ததல்ல. அவருடைய வீட்டில் அவள் அப்படி இருந்து அவர் கண்டதில்லை.

புதன்கிழமை பேனாட் வந்தான். திருகோணமலைக்காரன், வேதக்காரன், மொன்றியல் துறைமுகத்துப் பண்டசாலை ஒன்றில் கொள்கலன் இறக்கும் வேலை. வரும்போதே முகம் சரியில்லை.

"கேள்விப்பட்டியா மச்சான்? திருக்கோணமலையில நேவிக் கப்பலை அடிச்சிட்டாங்களாம். இயக்கத்துக்கும் அரசாங்கத்துக்கும் நடந்த பேச்சுவார்த்தை முடிஞ்சுது. தங்கச்சிக்கு நாலு தரம் போன் அடிச்சன். லைன் போகுதில்ல."

இருவரும் கொதிகலன் அறையில் இரண்டு கதிரை போட்டு இருந்தார்கள். கொதிகலன் உறுமி அடங்கியது.

"குடிக்க ஏதும் வச்சிருக்கியா?" என்றான் பேனாட்.

"வீட்டில இல்ல."

"வீட்டில இல்லாட்டி என்ன? வருசா வருசம் பெரிய எடுப்பா சொல்லுவியே, கார்ட்டியர்வில் விஸ்கி முழுக்க என்ட எண்டு. ஒரு போத்தலை எடுவன்."

பேரின்பநாயகம் கொதிகலன் கதவைத் திறந்து பார்த்தார்.

"ஓ, மறந்திட்டன். இந்த முறை மனிசிட பேரிலயாமே? கடையில சொன்னாங்க." பேனாட் துயரத்திலும் பகிடியை விடாத ஆள். "அப்ப போய்க் கேட்டுட்டு வா மச்சான். 'புள்ள, ஒரு சொட்டுத் தாவன்' எண்டு. மட்டக்களப்பு மாப்பிள்ளைக்கு அது புதுசா?"

கொதிகலன் அறைச் சுவரில், ஆணியொன்றில், எல்லா அறைக்கும் உதிரிச் சாவி தொங்கியது. பேரின்பநாயகம் எழும்பிப் போய் அதை எடுத்தார். சீதேவி அப்போது மேல்மாடியில் மேசைத்துணி மடித்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டுக் கேட்டால் இரண்டு நிமிடம். அவர் கேட்கவில்லை. அடுக்கில் பின்வரிசையில், தலைவர் வக்னின் தன் பெயரை ஒட்டி வைத்திருந்த பழைய ஸ்கொட்ச் போத்தலை எடுத்தார். மற்றவற்றை விட்டு அதை ஏன் எடுத்தார் என்று பிறகு ஒருமுறை கேட்டேன். அதுதான் நல்லது என்றார்.

பேனாட் இரண்டு கிளாஸ் குடித்துவிட்டுத் தங்கச்சியின் பெயரைச் சொல்லி அழுதான். பேரின்பநாயகம் மிச்சத்தைக் குடித்தார். எட்டு வருடத்தில் முதல் தடவை.

சனிக்கிழமை பொழுது சாய்ந்து மூன்று நட்சத்திரம் தெரிந்ததும் பஸ்கா முடிந்தது. மொரோக்கோ யூதருக்கு அந்த அந்திதான் பெரிய கொண்டாட்டம். மா குழைத்து மெல்லிய ரொட்டி தட்டி, வெண்ணெயும் தேனும் பூசி, வருகிற எல்லாருக்கும் கொடுக்கவேண்டும். அதற்கு மா வேண்டும். மா களஞ்சியத்தில். களஞ்சியம் சீதேவியுடையது.

பேஸ்மென்ட் நடை முழுக்கச் சனம். பெண்கள் பொன்னிழை அங்கி உடுத்து வந்திருந்தார்கள். மதாம் சிமி கையை முழங்கைவரை கழுவிக்கொண்டு நின்று, "மா! யாராவது எனக்கு மா தாருங்கள்!" என்று கூவினாள்.

"பொறுங்கள், சிமி. இன்னும் இது நம்முடையதல்ல" என்றார் ரப்பி. சீதேவியின் பக்கம் திரும்பினார். "மதாம், எங்களுக்குத் திரும்ப விற்க விருப்பமா? இல்லையென்றாலும் சொல்லலாம். உங்கள் உரிமை."

நடையே அடங்கிவிட்டது. அறுபது எழுபது பேர் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டாக்டர்மார், கடைக்காரர்கள், வக்கீல்கள். பேரின்பநாயகம் கதவோரம் சுவரில் சாய்ந்து நின்றார். எட்டு வருடம் அவர் வாயை இப்படி யாரும் பார்த்ததில்லை. பழைய ரப்பி அவர் கதிரை அடுக்கிக்கொண்டிருக்கும்போது வந்து, "முடிந்தது, நன்றி" என்று சொல்லிவிட்டுப் போவார்.

"ரவையில் ஒரு சுண்டு அளவு குறைவாக இருக்கும்" என்றாள் சீதேவி. "நேற்று எடுத்து என் வீட்டில் பிட்டு அவித்தேன். மற்றதெல்லாம் தருகிறேன்."

சிரிப்பும் கைதட்டலும் எழுந்தன. லேஞ்சி மறுபடியும் இழுபட்டது. கதவு திறந்தது. மா மூட்டை தலைக்குமேலால் கைமாறிப் போனது. மிஸ்யே வக்னின் தன் போத்தலைத் தேடி உள்ளே போனவர் வெறுங்கையோடு வந்தார்.

"என் போத்தல் இல்லை."

"உங்கள் போத்தலல்ல" என்றார் ரப்பி. "மதாமின் போத்தல்."

"சரி, மதாமின் போத்தல். இருபத்தைந்து வருடப் பழசு. மகளின் கலியாணத்துக்கு வைத்திருந்தது. எங்கே?"

சீதேவி தட்டில் இருந்த வெறும் இடத்தைப் பார்த்தாள். பேரின்பநாயகம் அவள் முகத்தையே பார்த்தார். அவள் திரும்பி அவரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், என்னிடம் அவர் சொன்னது இது, பார்த்திருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன்.

"நான் எடுத்தேன்" என்றார், தன் தட்டுத் தடுமாறும் பிரெஞ்சில், சத்தமாக. "உதிரிச் சாவியால் திறந்தேன். நான்தான் குடித்தேன்."

யாரோ சிரித்து நிறுத்தினார்கள். அவர் நிமிர்ந்து நின்றார். வேலை போகலாம், வீடு போகலாம். அதையெல்லாம் அந்த நொடியில் அவர் நினைத்துப் பார்த்தாராம். போகட்டும் என்றிருந்ததாம். கடைசியாக எல்லாரும் அவரைத்தான் பார்த்தார்கள்.

ரப்பி அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. சீதேவியிடம் கேட்டார். "மதாம், உங்கள் பொருள். உங்களிடம் கேட்டுத்தான் எடுத்தாரா?"

அடுப்பில் முதல் ரொட்டி வேகும் மணம் வந்தது.

"ஓம்" என்றாள் சீதேவி. பிறகு பிரெஞ்சில், நிதானமாக, "நான்தான் கொடுத்தேன். அவர் நண்பரின் ஊரில் சண்டை. துயரமாக வந்தார். எடுத்துக் குடிக்கச் சொன்னேன்."

"இல்லை" என்றார் பேரின்பநாயகம். "கேட்கவில்லை. களவாக எடுத்தேன்."

"வெட்கத்தில் சொல்கிறார்" என்றாள் சீதேவி.

ரப்பி இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பின் முகம் முழுக்க மலர்ந்தது. "சொந்தக்காரி கொடுத்தேன் என்கிறாள். அதற்குமேல் எனக்கு என்ன பேச்சு? மிஸ்யே வக்னின், வருத்தப்படாதீர்கள். ஒருவர் மனமறிந்து கொடுத்து, ஒருவர் குடித்திருக்கிறார். இவ்வளவு சுத்தமான விற்பனை இந்த ஜெபாலயத்தில் நடந்ததில்லை."

வக்னின் தோளைக் குலுக்கினார். யாரோ பாட்டைத் தொடங்கினார்கள். மதாம் சிமி சூடான ரொட்டி ஒன்றைத் தேன் வழியச் சுருட்டி முதல் ஆளாகச் சீதேவியின் கையில் வைத்தாள். இரண்டாவதை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்காமல் வீட்டுப் பக்கம் போனார்.

சீதேவி வீட்டுக்கு வரும்போது அவர் கட்டிலில் சட்டையைக் கழற்றாமல் இருந்தார்.

"ஏன் பொய் சொன்ன நீ?"

"என்ன பொய்?"

"நான் எப்ப உன்னட்டக் கேட்டன்?"

"கேக்கல்லதான். வியாழக்கிழமை உள்ளுக்குப் போகக்குள்ளயே போத்தல் இல்லாததைக் கண்டன். ஆரு எடுத்திருப்பாங்க எண்டும் தெரியும். அப்பவே குடுத்திட்டன். மனசால."

"மறுகா ஏன் சும்மா இருந்த?"

"நீங்களா வந்து சொல்லுவீங்க எண்டு பாத்தன்." அவள் தலைமயிரில் ஒட்டியிருந்த மாவைத் தட்டினாள். "கேட்டிருந்தா இன்னொண்டும் எடுத்துத் தந்திருப்பன். பேனாட் அண்ணனும் பாவம்தானே."

"எனக்கு நீ தரத் தேவல்ல."

"அப்ப என்ன செய்யச் சொல்லுறீங்க? அவ்வளவு சனத்துக்கு முன்னால என்ட புருசன் கள்ளன் எண்டு சொல்லச் சொல்லுறீங்களா?"

"ஓம்" என்றார் அவர். "அதைச் சொல்லியிருக்கலாம். களவு ஒண்டுதான் புள்ள நான் நானாச் செய்தது. அதையும் நீ உன்ட ஆக்கிட்ட."

சீதேவி கட்டிலின் மற்ற ஓரத்தில் இருந்தாள். அவர் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும் என்று அவள் பல வருடம் கழித்து என்னிடம் சொன்னாள். பார்க்கவில்லையாம். உடம்பு அலுப்பு. வெளியே நடையில் சனம் பாடிக்கொண்டிருந்தது. இருவரும் அது ஓயும்வரைக்கும் அப்படியே இருந்தார்கள்.

அடுத்த வருடம் ரப்பி பேரின்பநாயகத்தைக் கூப்பிட்டு மறுபடியும் வாங்க விருப்பமா என்று கேட்டார். அவர் வேண்டாம் என்றார். அந்த இலையுதிர் காலத்தில் ஜெபாலய வேலையை விட்டு பேனாட்டோடு துறைமுகப் பண்டசாலைக்குப் போனார். காவல் வேலையைச் சீதேவி ஏற்றுக்கொண்டாள். பேஸ்மென்ட் வீடு அவள் பெயருக்கு மாறியது. பேரின்பநாயகம் அங்கேயே இருந்து வேலைக்குப் போய்வந்தார். அவர்கள் பிரியவில்லை, பெரிதாகச் சண்டை பிடித்ததாகவும் தெரியவில்லை.

சீதேவி பதின்மூன்று பஸ்காவுக்கு வாங்கினாள். இரண்டாயிரத்தெட்டில் சபையார் கட்டடத்தை விற்றுவிட்டு வேறிடம் போனார்கள். ரப்பி அபித்போல் அதற்கு முன்பே பிரான்சுக்குத் திரும்பிவிட்டார். மதாம் சிமி முதியோர் இல்லத்தில் இருக்கிறாள், ஆட்களை அடையாளம் தெரிவதில்லை. மிஸ்யே வக்னின் காலமாகிவிட்டார். பேனாட்டின் தங்கச்சி தப்பிவிட்டாள். அவன் ஸ்காபரோவில் இருக்கிறான். ஆரையம்பதி வீட்டை ஆமி விட்டுப் போனபோது கூரை இருக்கவில்லை. சீதேவி அதைத் தனுஷிகாவின் பெயருக்கு எழுதிக்கொடுத்தாள். தனுஷிகா லாவலில் மருந்துக்கடையில் மருந்தாளர், ஜெபாலயம் விலைப்பட்டதும் தகப்பனும் தாயும் அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கேதான் இரண்டாயிரத்துப் பதினொன்று தை மாதம், வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தபோது, பேரின்பநாயகம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். கடைசிவரைக்கும் அவர் பெயரில் வீடு எதுவும் இருக்கவில்லை.